தொடுமுன் கழுவும் கை

களியக்காவிளைச் சந்தைக்குப் போகிறவர்கள் மீனும் வாழைக்குலையும் வாங்கத்தான் போவார்கள். நானும் அதற்காகவே போயிருந்தேன். பாறசாலைப் பேருந்து வரத் தாமதமானதால் வெயிலுக்கு ஒதுங்கி நின்ற ஆக்கர்க் கடையின் வாசலில், நசுங்கிய அலுமினியக் குடங்களுக்கும் துருவேறிய சைக்கிள் சக்கரங்களுக்கும் நடுவே, வட்ட வடிவமான ஓர் எஃகுப் பெட்டி கிடந்தது. அதன் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு துளைகள். துளைகளை மூடவும் திறக்கவும் சுற்றியோடும் ஒரு பட்டை. பட்டையை இழுத்து மாட்ட ஒரு கொக்கி. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்த கடைக்காரர், "பழைய இட்லிப் பாத்திரம்லா அம்மா, எடை போட்டுத் தாறேன், கொண்டு போங்க" என்றார். ஆவியில் வேகவைக்கிற பாத்திரம் என்ற அளவில் அவர் அபிப்பிராயத்தில் பெரிய பிழை ஒன்றும் இல்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்கு ஆஸ்பத்திரியில் டிரம் என்று பெயர். வெட்டி மடித்த காஸ் துணியையும் பஞ்சு உருண்டைகளையும் அதில் அடுக்கி, துளைகளைத் திறந்துவைத்து ஆட்டோகிளேவுக்குள் ஏற்றினால், 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி உஷ்ணமுள்ள நீராவி அத்துளைகளின் வழியே உட்புகுந்து, கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளையெல்லாம் சம்ஹரித்துவிட்டு வெளியேறும். வெளியே எடுத்த மறுகணமே பட்டையை இழுத்துத் துளைகளை அடைத்துவிட வேண்டும். அந்த ஒரு கணத்தை மறந்தால் அதுவரை செய்த வேலை முழுவதும் வியர்த்தம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டியூட்டர் சிஸ்டர், வார்டு மேசையில் இருக்கும் டிரம்மின் மூடியைத் திறந்து பார்க்கவே மாட்டார். நடந்துபோகிற போக்கில் பக்கவாட்டுத் துளைகளை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். திறந்திருந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் சரி, ஒரு வார்த்தையும் பேசாமல் டிரம்மைத் தூக்கித் திரும்பவும் ஆட்டோகிளேவ் அறைக்கு அனுப்பிவிடுவார்.

நான் நர்ஸிங் படித்த மிஷன் ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் எறிந்துவிடுகிற பொருள் என்று அநேகமாக ஒன்றுமே இருந்ததில்லை. கண்ணாடி ஸிரிஞ்சுகளைப் பிரித்துக் கழுவித் துணியில் சுற்றிக் கொதிக்க வைப்போம். ஊசிகளின் நுனியைப் பஞ்சின்மேல் மெல்ல இழுத்துப் பார்ப்போம். நுனி கொக்கிபோல மடங்கியிருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கிக்கொண்டு வரும், அந்த ஊசி சாணைக்கல்லுக்குப் போய்விடும். ரப்பர்க் கையுறைகளைக் கழுவி, காற்று நிரப்பி, நீரில் அமுக்கிப் பார்த்து, குமிழி வந்த இடத்தில் பழைய கையுறையின் துண்டை வெட்டி ஒட்டி, உலர்த்தி, பவுடர் தூவி, ஜோடி சேர்த்துக் கட்டுவது இரவு ட்யூட்டிக்காரிகளின் வேலை. மழைக்காலத்தில் வராந்தா முழுவதும் கொடி கட்டி, அக்கையுறைகள் ஐந்து விரலும் தொங்கத் தொங்கக் காய்ந்துகொண்டிருக்கும். புதிதாக வந்த நோயாளிகளின் குழந்தைகள் அதைப் பார்த்து அலறுவதுண்டு.

அந்நாளைய சிரத்தையைப் புகழ்கிறவள் அந்நாளைய அறியாமையையும் சொல்லத்தானே வேண்டும்? பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, லோஷன் ஊற்றிய பீங்கான் பேஸினை ஏந்திக்கொண்டு ஒருத்தியும், தோளில் துவாலை போட்டுக்கொண்டு இன்னொருத்தியும் பின்னால் போவோம். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடையில் டாக்டர் அந்த ஒரே பேஸினில் கையை நனைப்பார். அந்த ஒரே துவாலையில் துடைப்பார். வார்டின் கோடிக்குப் போய்ச் சேரும்போது அத்துவாலை எத்தனை பேருடைய வியாதியைச் சுமந்திருக்கும் என்று எவரும் கேட்டதில்லை. அது ஒரு மரியாதையாக, கோயிலில் தீர்த்தம் கொடுப்பதுபோல நடந்துவந்தது. சனிக்கிழமைதோறும் ஆபரேஷன் தியேட்டரை அடைத்து, பார்மலின் புகை போட்டு, திங்கட்கிழமை காலையில் கண்ணெரிச்சலோடு திறப்பதும் அப்படியே ஒரு அனுஷ்டானமாயிருந்தது. பொதுத் துவாலை இன்று ஆகாத வழக்கமாகிவிட்டது. அந்தப் புகையும் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதத் துவாலை, அல்லது ஆல்கஹால் கலந்த திரவம் என்றாகிவிட்டது.

இவையெல்லாம் கருவிகளைப் பற்றிய பாடங்கள். கையைப் பற்றிய பாடம் வேறொரு நாளில் நடந்தது. டியூட்டர் சிஸ்டர் எங்களைப் பெண்கள் வார்டின் வாசலில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தியாக ஒரு கட்டிலுக்குப் போய் நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். முதலில் போனவள் நாடி பார்த்தாள், திரும்பி வந்தாள், கேட்காமலேயே குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். அடுத்தவளும் அவ்வாறே. எல்லோரும் முடித்தபின் சிஸ்டர் கேட்டார்: "வந்தபின் எல்லாரும் கழுவினீர்கள், நல்லது. போகும்முன் யாராவது கழுவினீர்களா?" ஒருவரும் பேசவில்லை. "வந்தபின் கழுவியது உங்களுக்காக. போகும்முன் கழுவியிருந்தால் அது அவளுக்காக. நீங்கள் இங்கே சம்பளம் வாங்கப்போவது அவளுக்காகக் கழுவுவதற்கு" என்று சொல்லிவிட்டு, அந்த நோயாளியிடம் போய், தம் கையைக் கழுவிக்கொண்டு, அவர் தலையணையைச் சரிசெய்தார்.

ஊருக்குப் போயிருந்தபோது இதை என் பாட்டியிடம் சொன்னேன். எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டதால், பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பாட்டி தம் இளமையில் தெரிந்த ஒரு வயற்றாட்டியின் கதையைச் சொன்னார். பெரிய தறவாட்டு வீடுகளில் பிரசவம் என்றால் நடு இரவிலும் பந்தம் கொளுத்திக்கொண்டு ஆள் வந்து அவளை அழைத்துப்போவார்களாம். அவள் எங்கிருந்து வருகிறாள், கை எதிலெல்லாம் பட்டது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வந்த கையோடு உள்ளே போவாள். பிள்ளை பிறந்து, கொப்பூழ்க்கொடி அறுத்து, அவள் படியிறங்கிய பிறகுதான் கழுவல் ஆரம்பமாகுமாம்: சாணி கரைத்துத் தளிப்பதும், அவள் உட்கார்ந்த பாயை ஆற்றில் விடுவதும், தொட்ட பாத்திரத்தைப் புளிபோட்டுத் தேய்ப்பதும். "அவ போனதுக்குப் பிறகு கழுவினாவ மக்கா, வரச்சிலே கழுவிக்கோன்னு ஒரு செம்பு வெந்நீர் குடுத்திருந்தா எத்தனை பிள்ளைய பிழைச்சிருக்குமோ" என்று பாட்டி சொன்னபோது, டியூட்டர் சிஸ்டரின் வகுப்பு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

எங்கள் பிரதேசத்துக்காரர்களுக்குக் கழுவுவதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாசலில் கிண்டியில் நீர் வைத்துக் கால் கழுவி ஏறுவோம். துஷ்டி வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டே உள்ளே நுழைவோம். ஆனால் நாங்கள் பரம்பரையாகக் கற்ற ஆசாரத்தின் உட்பொருள், பிறரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வது. அந்த ஆசாரம் எதுவரைக்கும் போகும் என்பதற்குச் சாட்சி தேட எங்களுக்கு வெகுதூரம் போகவேண்டாம். புலையர் தலைவரான அய்யன்காளி ஒரு புலையச் சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துச் சென்று பெஞ்சில் உட்கார வைத்தார் என்பதற்காக, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பஞ்சமி என்ற அச்சிறுமி உட்கார்ந்ததால் உண்டான அசுத்தத்தை நீக்க நெருப்புதான் போதுமென்று அவர்களுக்குப் பட்டது. அதற்கு முன்பே, 1888இல், நெய்யாற்றின்கரையிலுள்ள அருவிப்புறத்தில், பிரதிஷ்டை செய்யும் உரிமை மறுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு தம் கையாலேயே சிவப்பிரதிஷ்டை செய்து, எந்தக் கை எதைத் தொடலாம் என்ற கேள்வியையே தலைகீழாக்கிவிட்டிருந்தார். சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பெரிய வழக்குகள் நடந்த மண்ணில் பிறந்துவிட்டு, அதைச் சோப்பும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மட்டும் நான் எப்படி எண்ண முடியும்?

ஐரோப்பாவும் இதில் நமக்கு இளைத்ததில்லை என்பதை இரண்டாம் வருஷ வகுப்பில் தெரிந்துகொண்டோம். வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன; ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்தவர்களின் வார்டிலேதான் தாய்மார்கள் மிக அதிகமாக ஜன்னி கண்டு இறந்தார்கள். அந்த வார்டில் சேர்த்துவிடாதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து மன்றாடினார்களாம். பிணப்பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் நேரே பிரசவ வார்டுக்கு வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வெய்ஸ் கண்டறிந்து, 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் உள்ளே வரக்கூடாதென்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது. அவ்வளவு பிரத்தியட்சமான பலனைக் கண்டும், கனவான்களின் கை அசுத்தமானது என்று சொல்வதா என்று பெரியவர்கள் பலர் சினந்தார்கள். அவர் 1865இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார். கதையைக் கேட்டு முடித்ததும் என் பக்கத்திலிருந்த தோழி, "அப்போ கை கழுவச் சொல்றதுக்கும் ஒரு அந்தஸ்து வேணும் போல" என்று காதில் சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் அந்த அந்தஸ்தின் கேள்வி வேறு வேடத்தில் வந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த செய்தி எங்கள் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தபின், ஆஸ்பத்திரிகளில் பழைய தீட்டு புதுப் பெயரோடு குடியேறியதை என் கண்ணால் பார்த்தேன். ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட நோயாளி ஒருவருக்குச் சாப்பாட்டைத் தட்டோடு தரையில் வைத்துத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டார்கள். அவருக்கு ஊசி போடும்போது இரண்டு கையுறை மாட்டிக்கொண்டவர்கள், பக்கத்துக் கட்டில்காரருக்கு வெறுங்கையோடு ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பக்கத்துக் கட்டில்காரருடைய ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்குமோ என்று எவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யூனிவர்சல் பிரிகாஷன்ஸ் என்ற முறையை எங்களுக்குக் கற்பித்தார்கள். எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அந்த முறையின் சாரம் இதுதான்: எந்த நோயாளியின் ரத்தமானாலும் அதில் தொற்று உண்டென்றே வைத்துக்கொள், ஆகவே எல்லோரிடமும் ஒரே ஜாக்கிரதையைக் காட்டு. 1996இல் அதை இன்னும் விரித்து ஸ்டாண்டர்ட் பிரிகாஷன்ஸ் ஆக்கினார்கள். வகுப்பெடுத்தவர் அதை ஒரு சட்டமாகப் படித்துக்கொண்டு போனார்; எனக்கோ அது அருவிப்புறத்துச் செய்தியின் தொடர்ச்சியாகக் கேட்டது. இன்னார் அசுத்தர், இன்னார் சுத்தர் என்று பிரிக்கிற வழக்கத்தை விஞ்ஞானமே தள்ளுபடி செய்துவிட்டது. கட்டிலில் தொங்கிய அந்தச் சிவப்பு எழுத்து அட்டையைக் கழற்றியது அந்தப் பயிற்சியின் முதல் பலன்.

பிற்காலத்தில் நானே பயிற்சி கொடுக்கிறவளாக ஆனபோது, காலம் வெகுவாக மாறிவிட்டிருந்தது. கண்ணாடி ஸிரிஞ்சு காணாமற்போய், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் வந்தது. எறிவதே ஒரு சாஸ்திரமாகிவிட்டது. 1998இல் மருத்துவக் கழிவுக்கென்று சட்ட விதிகள் வந்தன. 2016இல் அவற்றைத் திருத்தி, ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள், ட்யூபுக்கும் கையுறைக்கும் சிவப்பு, ஊசிக்கும் பிளேடுக்கும் துளைபடாத வெள்ளைப் பெட்டி, கண்ணாடிக் குப்பிக்கு நீலம் என்று வகுத்தார்கள். 2009இல் உலக சுகாதார நிறுவனம் கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களைச் சொல்லிற்று: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான சிகிச்சை ஒன்றைத் தொடங்குமுன், உடற்கசிவு பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டபின். வார்டில் ஓரமாக நின்று கணக்கெடுத்தால், உடற்கசிவு பட்டபின்னும் நோயாளியைத் தொட்டபின்னும் பெரும்பாலோர் எவரும் சொல்லாமலே கழுவுவார்கள். முன்னால் வரும் இரண்டிலும் தவறுவது அதிகம். எங்கள் டியூட்டர் சிஸ்டர் வார்டு வாசலில் கண்டதை உலகம் முழுவதும் கண்டிருக்கிறது.

பயிற்சியில் தகராறு வருவது பெரிய தத்துவங்களிலல்ல. முழங்கைக்குக் கீழே நகை கூடாது என்ற விதியை நான் சொல்லும்போதெல்லாம், புதிதாகக் கல்யாணமான பெண்களின் முகம் வாடும். வெறுங்கையோடு சுமங்கலி நிற்பதா என்று மாமியார் கேட்பார். கல்யாண மோதிரத்தைக் கழற்றினால் கணவர் என்ன நினைப்பார் என்று சபையில் மாலை மாற்றியவள் கேட்பாள். வளையலின் அடியில் சோப்பு போகாது, மோதிரத்தின் அடியில் ஈரம் நிற்கும், அந்த ஈரத்தில் கிருமி வாழும் என்று காட்டிக் காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர்களே ஒரு சமாதானம் கண்டார்கள்: ட்யூட்டிக்கு ஏறும்போது வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டு, மாலையில் பேருந்து நிலையத்திலேயே மாட்டிக்கொண்டு வீடுபோய்ச் சேர்வது.

2018 மே மாதம், கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது, பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரியின் நர்ஸ் லினி, தாம் பராமரித்த நோயாளியிடமிருந்து தொற்றேற்று, 21ஆம் தேதி இறந்தார். அந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரிக்குள்ளேயே தொற்றியிருந்தது. இன்ன நோய் என்று பெயர் தெரியுமுன்பே ஜாக்கிரதை வேண்டும் என்ற பாடத்தை அதற்குமேல் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொரோனா வந்தது. இஞ்சிவிளையில் சோதனைச்சாவடி போட்டு, அனுமதிச் சீட்டில்லாமல் எவரும் தாண்ட முடியாதபடி ஆயிற்று. தாய்வீடு களியக்காவிளையிலும் புக்ககம் பாறசாலையிலுமாக இருந்த பெண்கள், கூப்பிடு தூரத்திலிருந்த பெற்றோரைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். அந்நாளில் நர்ஸுகளுக்கு நடந்த வகுப்புகளில், பாதுகாப்பு அங்கியை மாட்டுவதைவிடக் கழற்றுவதே ஆபத்தான காரியம் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. களைத்து, வியர்த்து, தாகத்தோடு வெளியே வருகிறவள் அவசரத்தில் முகத்தைத் தொட்டுவிடுவாள். ஆகையால் ஒருத்தி கழற்றும்போது இன்னொருத்தி எதிரே நின்று, கையுறை, கை சுத்தம், அங்கி, கை சுத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசியில் முகக்கவசத்துக்கு வருவாள். டாக்டர் கழற்றும்போதும் நர்ஸ்தான் சொன்னாள். அவர் பணிந்து கேட்டார். ஐம்பது வருஷத்துக்கு முன் பேஸினை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தவளின் வழித்தோன்றல் இப்போது எதிரே நின்று கட்டளையிடுகிறாள் என்பதை நினைத்து நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

சமீபத்தில் எல்லைப்புற ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸுகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். துப்புரவுப் பணியாளர்களையும் உட்கார வைத்தால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டேன். நாலைந்து பேர் வந்து கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். நிறங்களின் பாடம் முடிந்ததும் அவர்களில் ஒரு நடுவயதுக்காரர் தயங்கி எழுந்தார். "சிஸ்டரே, பை எனக்க கையில வரச்ச உள்ள என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. போட்ட ஆளுக்குத் தெரியும்லா?" என்றார். மஞ்சள் பையிலிருந்து ஊசி குத்திய அனுபவம் அவருக்கு உண்டு. குத்தினால் ரத்தத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயிற்றா என்று கேட்டேன். "எந்த ஊசி?" என்று அவர் திருப்பிக் கேட்டார். முன்வரிசையில் இருந்த நர்ஸுகள் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டவர்கள்.

அவருடைய கேள்விக்கு நான் தயாரித்துக்கொண்டு போன பாடத்தில் பதில் இருக்கவில்லை. ஆனால் பயிற்சியின் பரீட்சை எங்கே வைக்கப்பட வேண்டும் என்பது அதிலிருந்து எனக்குத் தெளிவாயிற்று. குழாயடியில் நின்று ஆறு படிகளையும் ஒப்புவிக்கச் சொல்லிச் சான்றிதழ் கொடுப்பது சுலபம். வார்டிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர், அதிகச் சம்பளம் வாங்குகிறவரை நிறுத்தி, "தொடுமுன்னே கை கழுவியாச்சா?" என்று கேட்கவும், கேட்டபின் மறுநாளும் நிம்மதியாக வேலைக்கு வரவும் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்; முடிகிற ஆஸ்பத்திரியில் எனக்கு வியாதி வந்தால் தைரியமாகப் போய்ப் படுப்பேன்.